ஓதிக் கொடுக்கும் குரலும் கைப்பேசித் திரையும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையில் நீளும் ஊர்களை வெளியுலகம் தோலுக்காகவும் காலணிக்காகவும் அறிந்திருக்கிறது. தோல் வணிகத்தில் சேர்ந்த செல்வத்தில் ஒரு பெரும் பங்கு பள்ளிக்கூடங்களுக்கும் மதரஸாக்களுக்கும் போயிருக்கிறது என்பது அந்த அளவுக்கு வெளியே தெரியாது. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவிய காக்கா முஹம்மது உமர் ஒரு தோல் வணிகர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் பிறந்தது. மேல்விஷாரத்தில் 1965இல் தொடங்கிய கல்லூரி, தோல் வணிகரும் வள்ளலுமான சி. அப்துல் ஹக்கீமின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவற்றுக்கெல்லாம் மூத்தது வேலூரில் ஷா அப்துல் வஹாப் ஹஜ்ரத் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத். தென்னிந்திய மதரஸாக்களின் தாய் என்று அதைச் சொல்வார்கள்.

இதே மண்ணில் கிறிஸ்தவக் கல்விக்கும் நீண்ட வேர் உண்டு. அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் அமைந்தது. அதன் வழியில்தான் வேலூருக்கு ஊரீசுக் கல்லூரியும், 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணியும் வந்தன. ஆம்பூரில் லுத்தரன்கள் பள்ளியும் மருத்துவமனையும் கண்டார்கள். வேலூருக்கு வடக்கே வள்ளிமலையில் திருப்புகழ் ஒலித்தது. கோலார் தங்கவயல், திருப்பத்தூர் பக்கம் அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்தம் வேர் பிடித்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு இந்த ஊர்கள் மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடந்தாலும், சமயக் கல்வியைப் பொறுத்தவரை இது ஒரே வட்டாரம்தான்.

இந்த வட்டாரத்துப் பிள்ளை இன்று இரண்டு இடங்களில் மார்க்கம் படிக்கிறது. மாலையில் குர்ஆன் ஓதப் பழகும் வகுப்பான மக்தபில், அல்லது ஞாயிறு காலையில் தேவாலயத்தின் ஓய்வுநாள் பள்ளியில். மற்ற நேரமெல்லாம் கைப்பேசியில். முதலாவது இடத்தில் சொல்லிக் கொடுப்பவர் யார், அவர் யாரிடம் படித்தார், தவறு செய்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். இரண்டாவது இடத்தில் இவற்றில் எதுவும் தெரியாது. தகவல் தொழில்நுட்பத்தைச் சமயக் கல்வியில் பயன்படுத்துவது பற்றிய விவாதம் பெரும்பாலும் 'சேர்ப்பதா, தள்ளுவதா' என்றே நடக்கிறது. அதற்கான விடை வீடுகளில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இந்த ஊர்களில் நூற்றாண்டு கண்ட கல்வி நிலையங்கள் தங்கள் பாடத்தைத் தாங்களே இந்தக் கருவிகளில் ஏற்றுமா, அல்லது அந்த இடத்தை முகம் தெரியாதவர்களுக்கு விட்டுவிடுமா என்பதே மீதமிருக்கும் கேள்வி.

அச்சு, அலைவரிசை, ஒலிநாடா

தமிழில் ஒவ்வொரு புதிய கருவியும் முதலில் சமயப் பாடத்துக்கே பயன்பட்டிருக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கம் கொண்ட அது ஒரு ஞானோபதேச நூல்; படித்துப் படித்து மனப்பாடம் செய்யும் கேள்வி, பதில்களின் வழியில் வந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகம் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முடித்துத் தந்தது.

முஸ்லிம்களிடம் அச்சு வேறு வழியில் பரவியது. ஈய எழுத்துகளில் கோத்தால் அரபு, உருது எழுத்தின் வடிவழகு குலைந்துபோனது. கல்லச்சு வந்தபோது அந்தத் தடை நீங்கியது. காதிப் எனப்படும் எழுத்தர் எழுதிய கையெழுத்தை அப்படியே கல்லில் ஏற்றி ஆயிரம் படி எடுக்க முடிந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் பலவும் இப்படித்தான் 19ஆம் நூற்றாண்டில் வீடுகளுக்குள் நுழைந்தன. பெண்கள் தொழுகை, நோன்புச் சட்டங்களைப் படித்தறிந்தது பெரிதும் இந்தப் புத்தகங்களில்தான். மூலத்தின் வடிவத்தைக் காப்பாற்றும் கருவியாக இருந்தால் சமுதாயம் அதைத் தயக்கமின்றி ஏற்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

அயோத்திதாசர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலிருந்து அது 'தமிழன்' ஆயிற்று. கோலார் தங்கவயல் வரை வாசகர்களைச் சேர்த்த அந்த இதழ், புத்தரின் வரலாற்றையும் அறத்தையும் தொடர்களாக வெளியிட்டது. விகாரையும் பாடசாலையும் இல்லாத இடத்தில் ஒரு பைசா விலையுள்ள தாளே சமய வகுப்பாக நின்றது.

வேலூர் பாக்கியாத்தில் படித்தவர்கள் பாகவி என்று தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருவரான ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியின் முழுமையான திருக்குர்ஆன் தமிழாக்கம் 1949இல் வெளிவந்தது. இன்று குர்ஆன்.காம் தளத்தில் தமிழைத் தேர்ந்தெடுப்பவருக்குக் கிடைக்கும் மொழிபெயர்ப்புகளில் அதுவும் ஒன்று. துபாயிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் தமிழர் தம் கைப்பேசியில் படிப்பது வேலூரில் பாடம் கற்ற ஒருவரின் உழைப்பை. ஒரு நிலையத்தின் கல்வி, ஊர் எல்லையைக் கடந்து பெயரோடும் பொறுப்போடும் எப்படிப் போய்ச்சேரலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த வட்டாரத்தில் கிடைக்காது.

அடுத்து வானொலி. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை தமிழிலேயே மார்க்க நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. கத்தோலிக்கர்களுக்கு மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி கிடைத்தது. கிறிஸ்தவ வானொலிகள் ஒரு பயனுள்ள முறையைக் கண்டுபிடித்தன. நிகழ்ச்சியைக் கேட்டவர் கடிதம் எழுதினால் அஞ்சலில் வேதபாடம் வரும். அவர் விடை எழுதி அனுப்பினால் திருத்தி அனுப்புவார்கள். முடிவில் சான்றிதழும் உண்டு. ஒலிபரப்பு ஒருவழிப் பாதையாக நின்றுவிடாமல், கேட்டவரின் பிழையைத் திருத்த ஒரு மனிதர் மறுமுனையில் இருந்தார். பின்னால் வந்த ஒலிநாடாவில் அந்த மறுமுனை இல்லாமல் போயிற்று. மார்க்கச் சொற்பொழிவான பயான் கேசட்டும் பிரசங்கக் கேசட்டும் வீடுதோறும் ஒலித்தன. கேட்பவர் பெருகினார்கள், கேள்வி கேட்க வழியில்லை. யூடியூபின் இன்றைய இயல்பு அந்தக் கேசட்டின் தொடர்ச்சிதான்.

மக்தபில் நடப்பது என்ன?

கருவியால் எது ஆகும், எது ஆகாது என்று பேசுமுன் மக்தபின் வேலைமுறையைப் பார்க்க வேண்டும். பிள்ளை முதலில் நூரானி காயிதா என்ற அரிச்சுவடியில் அரபு எழுத்துகள் 28ஐயும் படிக்கிறது. தமிழ் பேசும் பிள்ளைக்கு இதில் பல ஒலிகள் புதியவை. ஸீன், ஸாத், ஸே மூன்றும் தமிழ்க் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். எழுத்து பிறக்கும் இடத்தை மக்ரஜ் என்பார்கள். ஆசிரியரான உஸ்தாத் வாயைத் திறந்து காட்டி, நாக்கு நுனி பல்லில் படுகிறதா என்று பார்த்து, ஓதச் சொல்லித் திருத்துவார். தமிழ் எழுத்தில் அச்சிட்ட குர்ஆன் அத்தியாயங்களான சூராக்களை வைத்துப் படித்தால் இந்த வேறுபாடு மொத்தமாக அழிந்துவிடும். அதனால்தான் எழுத்தைவிட ஒலி இங்கே பெரிய உதவி.

குர்ஆனை முழுதும் மனனம் செய்யும் ஹிப்ளு வகுப்பு இன்னும் நுட்பமானது. அதன் 30 ஜுஸ்வுகள் (பாகங்கள்), 114 சூராக்கள் அனைத்தையும் மனத்தில் ஏற்றும் மாணவருக்கு நாள்தோறும் புதுப்பாடமாக ஒரு சபக் இருக்கும். அதோடு அண்மையில் ஓதியதையும் பழையதையும் திரும்ப ஒப்பிக்க வேண்டும். மனனம் செய்பவர் சொற்களை மட்டும் நினைவில் வைப்பதில்லை. பக்கத்தின் படத்தையே வைத்துக்கொள்கிறார். 'இந்த ஆயத்து (வசனம்) இடப்பக்கம், கீழிருந்து மூன்றாம் வரி' என்று கண்ணுக்குள் தெரியும். அதற்காகவே பக்கத்துக்குப் பதினைந்து வரி என்று மாறாத அமைப்பில் அச்சிட்ட பிரதியை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒன்றையே வைத்துக்கொள்வார்கள். மதீனா அச்சில் அது 604 பக்கம்.

இந்த இடத்தில் செயலிகள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. திரையின் அகலத்துக்கு ஏற்ப வரிகளை மடக்கிக் காட்டும் செயலி வாசிப்பவருக்கு வசதி, ஹிப்ளு மாணவருக்குக் கேடு. அச்சுப் பக்கத்தை அப்படியே காட்டும் செயலி அவர் வேலைக்குத் துணை. எழுத்தைத் தொட்டால் ஒலிக்கும் பேனாக்களும் வந்துள்ளன. தாளில் கண்ணுக்குத் தெரியாத நுண்புள்ளிகளைப் படித்து அந்த ஆயத்தின் ஒலிப்பதிவை அவை எழுப்புகின்றன. அச்சுப் பக்கமும் மாறாது, ஒலியும் கிடைக்கும் என்பதால் வீட்டில் சபக்கைத் திரும்பக் கேட்க இது நன்றாக உதவுகிறது. கல்லச்சு வெற்றி பெற்ற அதே காரணம் இங்கும் வேலை செய்கிறது.

2019 அளவில் வந்த 'தர்த்தீல்' போன்ற செயலிகள் ஒரு படி மேலே போகின்றன. மாணவர் ஓதுவதைக் கேட்டு, சொல் விட்டுப்போனாலோ மாறினாலோ உடனே காட்டுகின்றன. இரவு பத்து மணிக்கு உஸ்தாதை எழுப்ப முடியாத மாணவருக்கு இது நல்ல ஒத்திகைத் துணை. ஆனால் சொல் சரியா என்று பார்ப்பது எளிது, எழுத்து அதன் இடத்திலிருந்து பிறந்ததா என்று பார்ப்பது மிகக் கடினம். அந்தத் திருத்தம் இன்னும் மனிதக் காதையே நம்பி இருக்கிறது.

மதரஸாக்களில் கணினி என்றால் பலரும் நினைப்பது வேறொன்று. 1993–94இல் தொடங்கிய மத்திய அரசின் மதரஸா நவீனமயத் திட்டமும் அதன் வழிவந்தவையும் கணிதம், அறிவியல், ஆங்கிலம், கணினி ஆகியவற்றைச் சேர்ப்பதிலேயே கவனம் வைத்தன. அவை தேவையானவை. ஆனால் அந்தக் கணினி தனி அறையிலேயே இருந்தது. ஹிப்ளு வகுப்பிலும் ஹதீஸ் வகுப்பிலும் கற்பிக்கும் முறைக்கும் அதற்கும் தொடர்பு ஏற்படவில்லை.

பெருந்தொற்று நடத்திய பரிசோதனை

2020 மார்ச் இறுதியில் நாடு பூட்டப்பட்டது. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 12இல் வந்தது. ரமலான் நோன்பு ஏப்ரல் 25இல் தொடங்கியது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் மூடிக் கிடந்தன. தயக்கம் காட்டியவர்களும் ஒரே மாதத்தில் ஜூமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வந்துசேர்ந்தார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 வரை பள்ளி வாசலை மிதிக்கவில்லை. இவ்வளவு நீண்ட பரிசோதனையை எந்த ஆய்வாளரும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாது.

அதில் தெரிந்த உண்மைகளில் முதலாவது, சேர்ந்து ஓதுவது இணையத்தில் நடக்காது என்பது. மக்தபில் இருபது பிள்ளைகள் ஒரே குரலில் ஓதுவதும், ஓய்வுநாள் பள்ளியில் கீர்த்தனை பாடுவதும், தேவாரத்தைக் கூடி இசைப்பதும் ஒரே அடிப்படையில் நிற்பவை. பக்கத்துப் பிள்ளையின் குரலைப் பற்றிக்கொண்டு பின்தங்கிய பிள்ளையும் கரையேறும். இணைய வழியில் ஒலி ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு தாமதத்தோடு வந்து சேருவதால், கூட்டுக்குரல் சிதறிவிடுகிறது. மற்றவர்களின் ஒலியை அடைத்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையும் தனியே ஓதியது.

இரண்டாவது, ஒலியின் தரம். பழைய தொலைபேசி வழி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ஸகர ஒலிகளின் ஆற்றல் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது. அதாவது ஸீனையும் ஸேயையும் பிரித்துக்காட்டும் பகுதியே வெட்டுப்பட்டுப் போகிறது. இணைய அழைப்புகள் இதைவிட அகலமான ஒலியைக் கடத்தும் என்றாலும், வேகம் குறையும்போது சுருக்குகின்றன. பின்னணி இரைச்சலை அகற்றும் வசதி சில மெய்யொலிகளையும் இரைச்சலாக எண்ணி விழுங்குகிறது. நேரலையில் திருத்துவதைவிட, பிள்ளை தன் ஓதலைப் பதிவு செய்து அனுப்ப, உஸ்தாத் கேட்டுத் தன் குரலில் திருத்தி அனுப்புவது இந்தக் காரணத்தாலேயே மேலானது. இணைப்பு அறுந்தாலும் பதிவு அறுவதில்லை.

மூன்றாவது, கைப்பேசி யாருடையது என்பது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள் இவை. காலணித் தையல் கூடங்களில் பெண்கள் பெருந்திரளாக வேலை செய்கிறார்கள். வீட்டில் இருக்கும் நல்ல கைப்பேசி காலையில் வேலைக்குப் போனால் இரவில்தான் திரும்பும். பள்ளிப் பாடமே அந்த ஒரு கருவிக்காக அண்ணன், தங்கை சண்டையில் தவிக்கும்போது, மக்தப் வகுப்பு கடைசி இடத்துக்குப் போய்விடும்.

பள்ளிக் கல்வியிலும் இதே பாடம்தான். கல்வித் தொலைக்காட்சியும் பாடநூலில் அச்சிட்ட க்யூஆர் குறியீடும் இருந்தும், இழந்ததை மீட்கத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்க வேண்டி வந்தது. வீட்டுக்கு அருகே, சிறு குழுவாக, முகம் தெரிந்த ஒருவர் மாலையில் சொல்லிக் கொடுப்பதே அதன் முறை. மக்தபும் ஓய்வுநாள் பள்ளியும் பல தலைமுறைகளாக நடந்துவருவது அந்த முறையில்தான்.

பெண்களும் உருதுவும்

எல்லாம் இழப்பாகவே இருந்துவிடவில்லை. திருமணமாகி, கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு மதரஸா வாசல் எப்போதோ அடைபட்டுவிட்டது. குர்ஆனைச் சரியாக ஓதும் முறையான தஜ்வீதின் இணையவழி வகுப்பு அவளுக்கு மறுபடியும் ஒரு வாசலைத் திறந்தது. மார்க்கக் கல்வியில் ஆலிமா பட்டம் பெற்ற பெண்கள் தங்கள் வீட்டிலிருந்தபடியே பத்துப் பேருக்குக் குரல் வழியே சொல்லிக் கொடுக்க முடிகிறது. முகம் காட்ட வேண்டியதில்லை, பயணம் வேண்டியதில்லை, துணைக்கு ஆள் வேண்டியதில்லை. நேரத்தையும் அவர்களே வகுத்துக்கொள்ளலாம். தொழில்நுட்பத்தால் இந்த வட்டாரத்துச் சமயக் கல்வியில் விளைந்த நன்மைகளில் மிகப் பெரியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம்கள் பலருக்கு வீட்டிலும் மார்க்கப் பாடத்திலும் உருதுதான் மொழி. கடைத்தெருவுக்கும் வேலைக்கும் தமிழ். மதரஸாப் பாடநூல்களின் விளக்கவுரை உருதுவில் நடக்கும். பிள்ளையோ தமிழ்வழிப் பள்ளியிலோ ஆங்கிலவழிப் பள்ளியிலோ படிக்கிறது. உருது எழுத்தைக் கணினியில் கொண்டுவருவதே நீண்ட போராட்டமாக இருந்தது. சாய்ந்து தொங்கும் நஸ்தலீக் வரிவடிவத்தில் எழுத்துகள் சேரும் சேர்க்கைகள் ஆயிரக்கணக்கானவை. 1981இல் நூரி நஸ்தலீக்கும் 1994இல் இன்பேஜ் மென்பொருளும் வந்த பிறகே உருதுப் பதிப்பு கணினிக்கு மாறியது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927 முதல் வெளிவந்த 'முசல்மான்' நாளிதழ், அதன் பிறகும் நெடுங்காலம் காதிப்களின் கையாலேயே எழுதப்பட்டது உலகப் புகழ் பெற்றது.

இன்பேஜில் பல்லாண்டுகள் தட்டச்சு செய்த உருது நூல்கள் யூனிக்கோடில் இல்லாததால் அவற்றில் ஒரு சொல்லைத் தேட முடியாது, கைப்பேசியில் உரையாகப் படிக்க முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அவற்றைப் படித்துக் காட்டாது. தமிழ் மார்க்க நூல்கள் பலவும் படமாக எடுத்த பிடிஎஃப் கோப்புகளாகவே உலவுகின்றன. 2014இல் நோட்டோ நஸ்தலீக் எழுத்துரு இலவசமாக வந்துவிட்ட பிறகு இதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் மிச்சமில்லை. உட்கார்ந்து மாற்றும் உழைப்புதான் பாக்கி. தேசிய உருது மேம்பாட்டு மன்றத்தின் கணினிப் பட்டயப் படிப்பில் பன்மொழிப் பதிப்பு கற்றவர்களுக்கு இதுவே சரியான வேலை.

தேவாலயத்திலும் கோயிலிலும்

ஆம்பூர் லுத்தரன்களின் வரலாறு அமெரிக்க மிசௌரித் திருச்சபை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிருஷ்ணகிரிப் பகுதியில் தொடங்கிய பணியிலிருந்து வருகிறது. இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் மூன்று சினாடுகளில் ஒன்றுக்கு ஆம்பூரின் பெயர். 1529இல் லுத்தர் எழுதிய சிறு ஞானோபதேசமே திடப்படுத்தல் வகுப்பின் அடிப்படை. இதே மிசௌரித் திருச்சபை 1930இல் அமெரிக்காவில் 'லுத்தரன் அவர்' என்ற வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கி, பின்னர் பல மொழிகளுக்கும் கொண்டுபோனது. அதாவது புதிய ஊடகம் இவர்களுக்கு அந்நியமானது அல்ல.

கிறிஸ்தவ வகுப்பறையில் கருவி புகுவது இஸ்லாமிய வகுப்பறையைவிட எளிது. காரணம், இங்கே தாய்மொழியில் பொருள் புரிவதே முதன்மை. ஒலியின் நுட்பம் பாட்டில் மட்டும் முன்னுக்கு வருகிறது. 2008இல் வந்த யூவெர்ஷன் செயலியில் தமிழ் வேதாகமம் இலவசம். கோடை விடுமுறையில் நடக்கும் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்புகளில் பாட்டு, சைகை, கதைப்படம் எல்லாம் திரைக்கு வந்துவிட்டன. சிக்கல் இன்னொரு பக்கம் இருக்கிறது. படமும் பாட்டும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை. பிள்ளை பார்ப்பது அமெரிக்க நாட்டு வீட்டையும் தோட்டத்தையும். ஆம்பூர்ச் சபையின் பிள்ளைக்குத் தன் தாத்தா எப்படித் திருச்சபைக்கு வந்தார், இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை யார் கட்டினார்கள் என்பது எந்தச் செயலியிலும் இல்லை. அதை ஆயரும் உபதேசியாரும் சபை மூத்தவர்களும்தான் பதிவு செய்ய வேண்டும்.

சைவத்திலும் கௌமாரத்திலும் கருவி ஏற்கெனவே ஒரு மரபைக் காப்பாற்றிக் காட்டியிருக்கிறது. சிதறிக் கிடந்த திருப்புகழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்து வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை 1894இல் முதல் தொகுதியை அச்சிட்டார். அந்தப் பாடல்களை மக்கள் வாயில் ஏற்றியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். அச்சு இருந்தும் பாடிக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. இன்று கௌமாரம்.காம் தளத்தில் பாடலின் மூலமும் பொருளும் ஒலியும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் நிறுவனம், திருமுறை, திவ்வியப் பிரபந்தம், தேம்பாவணி, சீறாப்புராணம் எல்லாவற்றையும் ஒரே நூலகத்தில் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. அறநிலையத் துறையின் ஓதுவார் பயிற்சிப் பள்ளி மாணவருக்கு, பண்ணைக் கேட்கப் பதிவு உண்டு. தாளம் தவறும்போது தொடையைத் தட்டித் திருத்தும் ஆசான் இன்னும் வேண்டும்.

பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பாடங்கள்

கேரளத்தின் சமஸ்த மதக் கல்வி வாரியம் 1951இல் அமைந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மதரஸாக்கள் அதன் ஒரே பாடத்திட்டத்தில், பொதுத்தேர்வோடு நடக்கின்றன. 2020 ஜூன் 1இல் அந்த வாரியம் வகுப்பு வாரியாக இணையப் பாடங்களைத் தொடங்கியது. எல்லா ஊருக்கும் ஒரே பாடநூல் என்பதால், ஒரு நல்ல ஆசிரியர் நடத்திய பாடம் மாநிலம் முழுக்கவும் வளைகுடாவிலும் அன்றன்றைக்குப் பயன்பட்டது. உள்ளூர் மதரஸா ஆசிரியரான முஅல்லிம், பிள்ளை எழுதியதைத் திருத்தும் வேலையைப் பார்த்துக்கொண்டார். கேரளத்து ஆலிம்கள் எத்தனையோ பேர் வேலூரில் படித்துப் பாகவியானவர்கள். இங்கே படித்துப் போனவர்கள் அங்கே கட்டிய ஒழுங்கிலிருந்து, ஆளுக்கொரு பாடநூலோடு நடக்கும் நம் மக்தபுகள் கற்றுக்கொள்வதில் தவறில்லை.

தமிழ் முஸ்லிம்கள் பல தலைமுறையாக வாழும் சிங்கப்பூரில், மார்க்கம் கற்பிப்பவர்களைப் பதிவு செய்யும் முறை 2005இல் தொடங்கி 2017இல் கட்டாயமாயிற்று. பெற்றோர் ஒரு பட்டியலைப் பார்த்து, ஆசிரியரின் தகுதியைத் தெரிந்துகொள்ளலாம். அது அரசும் சமய மன்றமும் சேர்ந்து இயங்கும் சிறு நாடு. அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவருவது பொருந்தாது. ஆனால் ஒரு மதரஸா தன்னிடம் பட்டம் பெற்று இணையத்தில் பாடம் நடத்துபவர்களின் பெயர்ப் பட்டியலைத் தானே வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இயந்திரத்திடம் மார்க்கம் கேட்பது

இஸ்லாமியக் கல்வியில் ஸனது என்று ஒன்று உண்டு. இன்னாரிடம் நான் ஓதினேன், அவர் இன்னாரிடம் ஓதினார் என்று நபிகள் நாயகம் வரை போகும் சங்கிலி அது. கிறிஸ்தவத்தில் ஆயருக்கு அபிஷேகம், சைவத்தில் தீட்சை. மூன்றிலும் கற்பிப்பவர் யாருக்கோ பதில் சொல்லக் கடமைப்பட்டவர். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் இந்தச் சங்கிலிக்கு முற்றிலும் வெளியே நிற்கின்றன. இல்லாத ஹதீஸுக்கு எண் போட்டுத் தருவதும், வேறு வசனத்தை வேறு அதிகாரத்தில் வைப்பதும் அவற்றின் தெரிந்த குறை. 2023இல் பகவத் கீதையின் பெயரால் இந்தியாவில் வந்த சில உரையாடிகள் வன்முறையை நியாயப்படுத்தும் விடைகளைத் தந்ததாகப் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று வெளியிட்ட 'ஃபாதர் ஜஸ்டின்' என்ற உரையாடி, தன்னைக் குரு என்றே சொல்லிக்கொண்டு பாவசங்கீர்த்தனம் கேட்க முற்பட்டது. சில நாட்களிலேயே அதன் குருப்பட்டத்தை எடுத்துவிட வேண்டி வந்தது.

பெரியவர் ஒருவர் இத்தகைய விடையைச் சந்தேகிப்பார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் எழாது. தெளிவான வாக்கியம், தயங்காத தொனி, உடனடி விடை இவை மூன்றும் சேர்ந்தால் அதுவே உண்மை என்று படும். மக்தபிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் இனிச் சேர்க்க வேண்டிய பாடம் ஒன்று உண்டென்றால், 'இதைச் சொன்னது யார், எந்த நூலில், எந்தப் பக்கம்' என்று கேட்கும் பழக்கம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரை ஆராய்வது ஆயிரம் ஆண்டுப் பயிற்சி. அதன் எளிய வடிவத்தைப் பத்து வயதிலேயே தொடங்கலாம்.

பிள்ளைகளின் பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. ஓதல் பதிவும் பரிசளிப்புப் படமும் வாட்ஸ்அப் குழுவில் போட்ட மறுநிமிடம் எங்கெங்கோ போய்விடும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆசிரியரும் பிள்ளையும் தனியே செய்தி பரிமாறாமல், பெற்றோர் ஒருவரின் எண் வழியாகவே பாடம் போய்வர வேண்டும் என்ற விதியை ஒவ்வொரு ஜமாஅத்தும் சபையும் இன்றைக்கே எழுதிவைக்கலாம்.

எங்கே தொடங்குவது?

முதல் வேலை ஒலிப்பதிவு. வேலூரிலும் உமராபாத்திலும் வாணியம்பாடியிலும் நீண்ட காலம் ஓதிக் கொடுத்த மூத்த உஸ்தாதுகள் இருக்கிறார்கள். காயிதாவின் முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை, தமிழ்ப் பிள்ளைக்கு எந்த எழுத்தில் நாக்கு தடுமாறும் என்பதை அறிந்த அவர்களின் குரலில், தமிழிலும் உருதுவிலும் பதிவு செய்ய வேண்டும். சொன்னவர் பெயரும் நிலையத்தின் பெயரும் பதிவு செய்த தேதியும் அதிலேயே இருக்க வேண்டும். பிழை கண்டால் திருத்திய பதிப்பை வெளியிட்டு, பழையது எது என்று குறிப்பிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத சிறு ஒலிக்கோப்புகளாக இருந்தால் இணைப்பு இல்லாத சாதாரணக் கைப்பேசியிலும் நினைவட்டையில் ஏற்றிக் கேட்கலாம். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் தாய்க்கும் அது பயன்படும். படக்காட்சிக்குச் செலவழிப்பதைவிட இது பலமடங்கு மலிவு.

இரண்டாவது, மாலை மக்தபைக் குறைக்காமல் அதன் நேரத்தை மாற்றி அமைப்பது. திரும்பத் திரும்பக் கேட்கும் வேலையை வீட்டில் ஒலிப்பதிவு பார்த்துக்கொண்டால், உஸ்தாதின் ஒரு மணி நேரமும் தனித்தனியே திருத்துவதற்குக் கிடைக்கும். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இப்போது ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் கிடைப்பதே அரிது.

மூன்றாவது, அளந்து பார்ப்பது. ஒரே ஊரில் இரண்டு மக்தபுகளை எடுத்து, ஒன்றில் பதிவோடும் மற்றொன்றில் பழைய முறையிலும் ஆறு மாதம் நடத்தலாம். பின்னர் எந்தப் பிள்ளை எந்த மக்தபைச் சேர்ந்தது என்று தெரியாத வெளியூர் உஸ்தாத் ஒருவரை வைத்து ஓதச் சொல்லி மதிப்பெண் போடலாம். ஓய்வுநாள் பள்ளிக்கும் திருமுறை வகுப்புக்கும் இதே முறை பொருந்தும். பலன் இல்லை என்று தெரிந்தால் கைவிடவும் தயங்கக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் ஆள் வேண்டும். வேலூர் விஐடியில் மென்பொருள் படிக்கும் இளைஞர் செயலி எழுதித் தரலாம். எந்தப் பிழையை முதலில் திருத்துவது, எந்தப் பிள்ளையை அதட்டாமல் விடுவது என்பதை அறிந்தவர் ஓதிக் கொடுப்பவரே. அதனால் பயிற்சி அவரிடமிருந்து தொடங்க வேண்டும். நல்ல ஒலிப்பதிவு எடுப்பது, யூனிக்கோடில் தட்டச்சு செய்வது, இணையத்தில் வந்த ஒரு மேற்கோளை மூல நூலில் சரிபார்ப்பது, பிள்ளைகளின் தரவைக் காப்பது ஆகிய நான்கையும் கற்பிக்க ஒரு பருவத்துக்கு வாரம் ஒரு பாடவேளை போதும். ஆண்டுதோறும் இந்த நிலையங்களிலிருந்து பாகவிகளும், உமராபாத்தில் படித்த உமரிகளும் வெளியேறி ஊர் ஊராக வேலைக்குப் போகிறார்கள். அவர்களின் கடைசி ஆண்டுப் பாடத்திட்டத்தில் அந்த ஒரு பாடவேளையைச் சேர்க்க நிர்வாகக் குழுக்கள் தீர்மானித்தால், அடுத்த ஷவ்வால் மாதச் சேர்க்கையிலேயே வகுப்பைத் தொடங்கிவிடலாம்.